தூண்டில் போட்டி வைத்தால் வேற்று மீன் ஒழியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொல்கொடை ஏரிப் பக்கம் வீடு கட்டியிருக்கும் நண்பனைப் பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பத்தடி நடந்தால் தண்ணீர். அக்காவின் மகனுக்குப் பத்து வயது. வந்த நேரம் முதல் பாண் உருண்டையை முள்ளில் குத்திப் போட்டு உள்ளங்கை அளவு திலாப்பியாக்களை இழுத்துக்கொண்டிருந்தான். நண்பன் இறால் துண்டு கோத்துத் தள்ளி எறிந்திருந்த தூண்டில் திடீரென்று வளைந்தது. ஐந்து நிமிட இழுபறிக்குப் பிறகு கரைக்கு வந்தது ஒரு நைஃப் ஃபிஷ்.

அதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முழங்கை நீளம். தட்டையான வெள்ளி உடம்பு, தலைக்குப் பின்னால் ஒரு கூனல். வால் பக்கமாக வெள்ளை வளையம் போட்ட கறுப்புப் பொட்டுகள் வரிசையாக நிற்கும். வயிற்றுக்குக் கீழே தொடங்கி வால் நுனிவரை ஒரே துடுப்பு, சேலைக் கரை காற்றில் அலைவதுபோல ஓயாமல் அலைந்தது. அழகான மீன் என்பதில் சந்தேகமே இல்லை. அழகுதான் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

நண்பன் படம் எடுத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரில் விடப் போனான். “விட்டா இன்னும் பெருசா வரும் மச்சான். அடுத்த வருஷம் பிடிக்கலாம்.” மருமகனுக்கு அது பிடிபடவில்லை. இந்த மீன் ஊர் மீன்களைத் தின்கிறது என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் நண்பன் அதே வாயால் சொல்லியிருந்தான். “மாமா, கொழும்பில இருக்கிற எல்லாரும் ஒரு நாள் வந்து பிடிச்சா முடிஞ்சிடாதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. உலகத்தில் பல இடங்களில் அவன் சொன்னதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். ஊர்கூடித் தூண்டில் போட்டி வைத்து, பிடித்த வேற்று மீனைத் திரும்ப விடாமல், எண்ணி, நிறுத்து, பரிசு கொடுக்கிறார்கள். இங்கேயும் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் தென்கிழக்காசியாவின் இராட்சத விரால் பெருகியபோது அண்மையில் தூண்டில் போட்டி நடத்தினார்கள். அது வேலை செய்யுமா என்று கேட்டால், சில இடத்தில் செய்யும், பல இடத்தில் செய்யாது. ஏன் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த மீன் எல்லாம் ஆக்கிரமிப்பு மீன் இல்லை. ஆங்கிலேயர்கள் 1880களில் நுவரெலியா பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். எதற்கு? ஊரில் செய்ததுபோல இங்கேயும் பொழுதுபோக்காகத் தூண்டில் போட. திலாப்பியா 1952இல் வந்தது. இன்றைக்கு வவுனியாவிலோ அநுராதபுரத்திலோ குளத்து மீன் வாங்கினால் பெரும்பாலும் அதுதான் பையில் விழும். உலர் வலயத்துக் குளத்து மீன்பிடியே அதன் மேல்தான் நிற்கிறது. அதை ஒழிக்கப் போட்டி வைக்கிறோம் என்று போய்ச் சொல்லிப் பாருங்கள், மீனவர்கள் உங்களைத்தான் தண்ணீரில் தள்ளுவார்கள். வந்த இடத்தில் கட்டுப்பாடில்லாமல் பெருகி, அங்கே ஏற்கெனவே இருந்த உயிர்களுக்கோ மனிதரின் பிழைப்புக்கோ கேடு செய்தால்தான் ஆக்கிரமிப்பு இனம். ஒரே மீன் ஒரு குளத்தில் சோறு போடும், இன்னொரு ஓடையில் வில்லனாக இருக்கும்.

கொழும்பில் வில்லன் பட்டியலில் முன்னால் நிற்பவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன நைஃப் ஃபிஷ். சொந்த ஊர் மேகொங் ஆற்றுப் பக்கம், ஒரு மீற்றர் வரை வளரும், சின்ன மீன்களைத் தின்று வாழ்வது. மற்றது டேங்க் கிளீனர். தென் அமெரிக்காக்காரர். கண்ணாடித் தொட்டியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் அந்தக் கறுத்த, முள்ளுச் சட்டை போட்ட மீனைப் பார்க்காத வீடு குறைவு. கடையில் விரல் நீளத்தில் வாங்குவோம். ஒரு வருடத்தில் தொட்டியே அதற்குப் போதாது.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். இருபது வருடங்களுக்கு முன்பு எங்கள் வெள்ளவத்தை வீட்டுத் தொட்டியில் ஒரு டேங்க் கிளீனர் ஒன்றரைச் சாண் வளர்ந்து, இரவில் கண்ணாடியில் வாலை அடித்து எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. அம்மா “பாவம், கொல்லாதே” என்றார். நான் அதை வாளியில் எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் விட்டேன். புண்ணியம் செய்த நினைப்போடுதான் வீட்டுக்கு வந்தேன். என்னைப்போல எத்தனை பேர் எத்தனை வாளியோடு போயிருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அலங்கார மீன் வளர்க்கும் குளங்களிலிருந்தும் வெள்ளக் காலத்தில் மீன் தப்பும். களனி கரை புரண்டு கொலன்னாவை மூழ்கிய 2016 மே மாதம்போன்ற வெள்ளத்தில் தொட்டித் தண்ணீர், குளத்துத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் என்று எல்லை ஏது?

கெடுதல் என்னவென்றால், இலங்கையின் நன்னீர் மீன்களில் பாதிக்கும் மேல் உலகத்தில் வேறெங்குமே கிடையாது. பெரும்பாலும் விரல் நீளக் குட்டி மீன்கள். கறுப்பும் சிவப்புமாக ஒன்று இருக்கிறது, சிங்களத்தில் புலத் ஹப்பயா என்பார்கள், வெற்றிலை மென்றவன் என்று பொருள். ஆண் மீனின் முகச் சிவப்பைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். களனிப் படுகையின் நிழலான ஓடைகளில் இருக்கும் இவனுக்கு, கத்திபோல் பாயும் ஒரு மீற்றர் மீனிடம் எப்படித் தப்புவது என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. டேங்க் கிளீனர் வேறு வகைத் தொல்லை. கரை மண்ணில் கை நீளத்துக்கு வளை தோண்டி முட்டையிடும், கரை இடியும். துடுப்பு முள்ளை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். அதை விழுங்கப் போய்த் தொண்டையில் சிக்கிக் கூழைக்கடாக்கள் செத்தது வெளிநாட்டில் பதிவாகியிருக்கிறது. நம் பேர வாவியிலும் கூழைக்கடாக்கள் உண்டு.

சரி, இப்போது கணக்கு.

ஒரு குளத்தில் வேற்று மீன் இருக்கிறது. எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு போட்டி வைக்கிறோம். 40 பேர், ஆளுக்கு 4 மணி நேரம். அதாவது மொத்தம் 160 தூண்டில் மணி. 120 மீன் பிடிபடுகிறது. ஒரு தூண்டில் மணிக்கு 0.75 மீன். அடுத்த மாதம் சத்தம் பரவி 60 பேர் வருகிறார்கள். 240 தூண்டில் மணி. அன்றும் சரியாக 120 மீன். முகநூலில் “இம்முறையும் 120 மீன்!” என்று போடுவார்கள், குறையவே இல்லையே என்று இன்னொருவர் அடியில் எழுதுவார். இருவரும் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். மணிக்கு 0.75 இருந்தது 0.5 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி.

இதற்குள் இன்னொரு விடை ஒளிந்திருக்கிறது. 120 மீனை எடுத்ததால் பிடிபடும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றால், அந்த 120தான் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, தொடக்கத்தில் குளத்தில் இருந்தது சுமார் 360. தண்ணீரை இறைக்காமல், யாரும் முங்கிப் பார்க்காமல் மீனை எண்ணிவிட்டோம்! 1939இல் லெஸ்லி, டேவிஸ் என்ற இருவர் எலிகளை எண்ணுவதற்குச் சொன்ன வழி இது, பிறகு மீன் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். உண்மைக் குளம் இவ்வளவு சொல்வழி கேட்காது. இடையில் குஞ்சு பொரிக்கும், மழைக்குப் புது மீன் வரும், ஒரு முறை முள்ளில் தப்பிய மீன் அடுத்த முறை உஷாராகிவிடும், இரண்டாம் முறை வந்த 20 பேரும் கற்றுக்குட்டிகளாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட 360 என்ற குத்துமதிப்பு எவ்வளவோ மேல். அதனால்தான், போட்டியில் மீனை நிறுக்கும் தராசைவிட யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது தூண்டிலைச் சுருட்டினார் என்று எழுதும் கொப்பி முக்கியம் என்கிறேன். நம் ஆட்களுக்குக் கொப்பியில் எழுதச் சொன்னால்தான் கசக்கும்.

இப்போது இதே போட்டியைக் களனி கங்கையில் வைத்துப் பாருங்கள். 120 மீன் எடுத்த இடத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வேறு மீன் வந்து சேரும். எடுத்தது தெரியவே தெரியாது. மூடிய சின்ன நீர்நிலையில்தான் போட்டியால் எண்ணிக்கையை உண்மையாகவே இறக்க முடியும்.

குளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மீன் குறைந்தால் மிச்சமிருப்பவைக்குச் சாப்பாடு கூடும். வேகமாக வளரும், சீக்கிரம் முட்டையிடும், பொரித்த குஞ்சுகளில் அதிகம் பிழைக்கும். பந்தியில் பாதிப் பேர் எழுந்து போனால் மிச்சப் பேருக்கு இரண்டாம் பாயசம் கிடைப்பதுபோல. வருடத்துக்கு ஒரு நாள் போட்டி வைத்தால், எடுத்ததையெல்லாம் குளம் அடுத்த வருடத்துக்குள் நிரப்பிவிடும். நாம் செய்தது களையெடுப்பு இல்லை, கத்தரித்துவிட்டுத் தழைக்க விட்டதுதான்.

அப்படியானால் எங்கேயாவது வென்றிருக்கிறார்களா? அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1990 தொடக்கம் ஒரு திட்டம் நடக்கிறது. அங்கே பைக்மின்னோ என்ற மீன் சால்மன் குஞ்சுகளைத் தின்கிறது. பைக்மின்னோ அந்த ஆற்றுக்கே சொந்தமான மீன், அந்நியன் இல்லை. அணைகள் கட்டியதால் அதற்கு வேட்டை சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான். பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு மீனுக்கும் காசு தருகிறார்கள். அவர்களுடைய இலக்கைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒழிப்பது இல்லை, பெரிய மீன்களில் ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதத்தை எடுப்பது. பெரியவைதான் குஞ்சுகளை அதிகம் தின்பவை. அவற்றை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டே வந்ததில், சால்மன் குஞ்சுகள் இரையாவது 40 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள். ஒரு நாள் திருவிழாவாக இல்லாமல் பருவம் முழுக்க, மாதக்கணக்கில் நடத்துகிறார்கள். மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் ஏரியில் 2002 முதல் நடக்கும் போட்டியும் அப்படித்தான், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வாரக்கணக்கில்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் பிவா ஏரி. 1960இல் அமெரிக்கா போன அப்போதைய இளவரசர் அகிஹித்தோவுக்குச் சிக்காகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். வளர்த்துச் சாப்பிடலாம் என்ற நல்லெண்ணத்தில் இளவரசர் அவற்றை மீன் ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். அது எப்படியோ ஏரிக்குப் போய்ப் பெருகிவிட்டது. 2007இல், பேரரசரான பிறகு, அதே ஏரிக்கரையில் நின்று மனம் வருந்திப் பேசினார். (என் வாளிக்கு ஒரு அரச துணை கிடைத்ததில் சின்ன ஆறுதல்.) அந்த மாகாணம் 2003இல் ஒரு விதி கொண்டுவந்தது: புளூகில்லும் கறுப்பு பாஸ் என்ற இன்னொரு வேற்று மீனும் பிடித்தால் திரும்ப ஏரியில் விடக்கூடாது. விதியோடு நின்றுவிடவில்லை, கரையெங்கும் அந்த மீனைப் போடப் பெட்டிகளும் வைத்தார்கள். பிடித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிப்பவன்தான் யாரும் பார்க்காதபோது திரும்ப விடுவான். பெட்டி இருந்தால் போட்டுவிட்டுப் போவான்.

பொல்கொடையில் என் நண்பன் செய்யப் பார்த்தது நினைவிருக்கிறதா? தூண்டிலில் ருசி கண்டவனுக்கு நைஃப் ஃபிஷ் எதிரி இல்லை, அது கிடைத்தற்கரிய விளையாட்டுத் தோழன். கொழும்பைச் சுற்றி அதைப் பிடிக்கவென்றே விலை கூடிய தூண்டிலோடு போகிறவர்கள் உண்டு. போட்டி வைத்து அந்த மோகத்தைக் கூட்டினால், நாளைக்கு எவனாவது இரண்டு குஞ்சைக் கொண்டுபோய்த் தன் ஊர்க் குளத்தில் விடுவான். பரிசு பெரிதாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 1902இல் ஹனோய் நகரில் பிரெஞ்சு நிர்வாகம் எலியை ஒழிக்க வாலுக்குக் காசு கொடுத்தது. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடத் தொடங்கின, குட்டி போட்டால்தானே அடுத்த வால். போதாததற்குக் காசுக்காக எலி வளர்க்கவும் தொடங்கினார்கள். அதனால் மீனுக்கு இவ்வளவு என்று பணம் வைப்பதைவிட, வந்தவர்களில் குலுக்கல் முறையில் ஒரு தூண்டிலோ அரிசி மூட்டையோ கொடுப்பது புத்திசாலித்தனம். மிகப் பெரிய மீனுக்கு மட்டும் பரிசு என்பதும் கூடாது. சின்னதைப் பிடித்தவன் அதை மதிக்காமல் திரும்ப எறிவான்.

எல்லா மீனும் தூண்டிலுக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். நைஃப் ஃபிஷ் இறாலுக்கும் சின்ன மீனுக்கும் வரும், மாலை மங்கும் நேரம் நல்லது. தன் முட்டைக்குக் காவல் நிற்கும் மீன் என்பதால், காவல்காரனை எடுத்தால் முட்டைகளும் போகும். ஒரு மீன் எடுத்து நூறு மீன் எடுத்த பலன். டேங்க் கிளீனருக்குத் தூண்டில் சரிவராது, அது பாசி சுரண்டி. வீச்சு வலைதான் வேண்டும், அதையும் வீசத் தெரிந்தவர்தான் வீச வேண்டும், முள்ளில் சிக்கி வலை கந்தலாகும். கரையில் போட்டால் செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இரைப்பையால் காற்றைச் சுவாசித்துப் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். வெயிலில் துடிக்க விடுவது பாவம். ஐஸும் தண்ணீரும் நிரப்பிய பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். திலாப்பியாத் தாய் குஞ்சுகளை வாய்க்குள் வைத்திருக்கும். முள்ளை எடுக்கும்போது துப்பிவிடும். அதை ஒழிக்க நினைக்கும் இடமென்றால், முள்ளைக் கரையில் வாளிக்கு மேலே வைத்துத்தான் கழற்ற வேண்டும், தண்ணீருக்கு மேலே நின்று இல்லை.

கொழும்பில் எங்கே வைக்கலாம்? 2018இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையிடம் ஈரநில நகரம் என்ற பெயர் வாங்கிய ஊர் இது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. பெல்லன்வில - அத்திடிய 1990 முதல் சரணாலயம், அங்கே வனசீவராசிகள் திணைக்களம் சொல்லாமல் கை வைக்கக்கூடாது. மற்ற இடங்களிலும் மீன்பிடித் திணைக்களத்திடமும் அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான நிறுவனத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வெடி, நஞ்சு எல்லாம் 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். என்னைக் கேட்டால் தியவன்னாவைத் தொடமாட்டேன், அது பெரிது, எல்லாக் கால்வாயோடும் கலந்தது. ஒரு பூங்காவுக்குள்ளோ பாடசாலைக்குப் பக்கத்திலோ இருக்கும், வரத்துக் கால்வாய்க்குக் கம்பி வலை போடக்கூடிய சின்னக் குளத்தை எடுப்பேன். மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு.

வாசலில் மீன் தெரிந்த ஒருவர் படத்தோடு உட்கார வேண்டும். ஊர் விராலையும் இராட்சத விராலையும் குழப்பி, நம் மீனைக் கொன்றுவிட்டுப் பரிசு கேட்பவர்கள் வருவார்கள். இராட்சத விராலின் குஞ்சு சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும், அதனால்தான் தொட்டி மீனாக விலை போனது. வளர்ந்தால் பக்கவாட்டில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். சந்தேகமாக இருந்தால் மீனை ஈரக் கையால் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடச் சொல்வது நல்லது.

பிடித்த மீனைக் கறி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தெதுரு ஓயாப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். நகரத்துக் கால்வாயிலும் பேர வாவியிலும் பிடித்ததை நான் என் வீட்டுக்குள் விடமாட்டேன், அந்தத் தண்ணீரில் என்னென்ன வந்து கலக்கிறது என்று கொழும்புக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழி வெட்டித் தென்னைக்கு அடியில் போடுங்கள்.

தொட்டி மீன் பெருத்துவிட்டதென்றால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுக்காவிட்டால் வளர்க்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஐஸ் பெட்டி. போட்டி நடக்கும் இடத்திலேயே வேண்டாத தொட்டி மீனை வாங்கிக்கொள்ள ஒரு மேசை போட்டால், தூண்டிலில் வருவதைவிட அந்த மேசைக்கு வருவது அதிகமாக இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

அன்றைக்குப் பொல்கொடையில் நைஃப் ஃபிஷ் திரும்பப் போகவில்லை. மருமகன் வாளியை விட்டு நகரவில்லை, நண்பனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அவனுடைய மனைவி உள்ளேயிருந்து தையல் நாடாவை எடுத்துவந்து கொடுத்தார். பையன் மூக்கிலிருந்து வால் நுனி வரை வைத்துப் பார்த்து, நண்பனின் மகளுடைய கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினான்: 52 சென்ரிமீற்றர், மாலை 5.40, இரண்டு தூண்டில், மூன்று மணி நேரம்.

“மூணு மணி நேரமில்ல, ரெண்டே முக்கால்” என்றான் நண்பன். பையன் வெட்டித் திருத்தினான்.